முடங்கிய டிஸ்க்கும் முடக்கிவைத்த பிரதிகளும்

முன்பெல்லாம் பழைய பொருளுக்கு இடம் பரண். இப்போது பரணின் வேலையை ஒரு கறுப்புப் பெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே நான்கு ஹார்ட் டிஸ்க்குகள், முன்பக்கம் நான்கு பச்சை விளக்குகள், பின்னால் ஒரு சின்ன விசிறியின் முனகல். வீட்டு சர்வர். கல்யாண வீடியோ, தாத்தாவின் குரல், ஸ்கேன் செய்த சிற்றிதழ்கள், கோயில் கோயிலாகப் போய் எடுத்த சிற்பப் படங்கள், தறிக்காரர் வீடென்றால் இருபது வருட டிசைன் ஃபைல்கள், எல்லாம் அதற்குள். "எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டால் பெட்டியைக் காட்டுவார்கள். "சரி, பேக்கப்?" என்று கேட்டால் மறுபடி அதே பெட்டியைக் காட்டுவார்கள்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பதிலுக்கு எதிரானது.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் ஒரு டிஸ்க் முடங்கினால் அதை மீட்பது பெரிய வித்தை கிடையாது. பொறுமை இருந்தால் போதும், பெரும்பாலும் மீட்டுவிடலாம். மீட்கவே முடியாதது வேறொன்று. நமக்கு மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும் என்று ஒரே இடத்தில் பூட்டிவைத்த பிரதி. டிஸ்க் பழுதானதால் தொலைந்ததைவிட, "எங்கிட்ட இருக்கு" என்ற பெருமிதத்தால் தொலைந்தது தமிழில் அதிகம் என்பது என் கட்சி. கணினி வருவதற்கு முன்பும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான்.

*

முதலில் டிஸ்க் முடங்குவது என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். இது புரியாமல்தான் பாதி நாசம் நடக்கிறது.

அன்ரெய்ட் போன்ற வீட்டு சர்வர் மென்பொருளில் ஒரு டிஸ்க்கின் பெயருக்குப் பக்கத்தில் திடீரென்று சிவப்புப் பெருக்கல் குறி விழும். 'டிசேபிள்ட்' என்று போடும். பார்த்தவுடன் நெஞ்சு அடைக்கும். டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் அந்தக் குறி மரண அறிவிப்பு கிடையாது. "இந்த டிஸ்க்கில் ஒன்றை எழுதப் போனேன், எழுத முடியவில்லை. இனி இதை நம்பமாட்டேன்" என்று சர்வர் சொல்கிறது, அவ்வளவுதான். டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். கேபிள் தளர்ந்திருக்கலாம், மின்சாரம் ஒரு நொடி குறைந்திருக்கலாம்.

ஆச்சரியம் என்னவென்றால் அந்த டிஸ்க்கை விலக்கிவைத்த பிறகும் அதிலிருந்த ஃபைல்கள் திறக்கும். காரணம் பேரிட்டி. இதை விளக்க காஞ்சிபுரத்துக்காரனுக்கு ஜக்கார்டு அட்டையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1804-ல் லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு கொடுத்த அந்தப் பொறி இன்றும் எங்கள் ஊர்த் தறிகளின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், பாவு இழை மேலே எழும்பும். ஓட்டை இல்லையென்றால் இழை கீழேயே கிடக்கும். ஓட்டை 1, ஓட்டை இல்லாதது 0. கணினியும் அதே பாஷைதான் பேசுகிறது.

இப்போது மூன்று அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஒவ்வொரு இடத்திலும் மொத்தம் எத்தனை ஓட்டை என்று எண்ணுங்கள். ஒற்றைப்படையாக வந்தால் நான்காவதாக ஒரு வெற்று அட்டையில் அதே இடத்தில் ஓட்டை போடுங்கள். இரட்டைப்படையாக வந்தாலோ, ஓட்டையே இல்லையென்றாலோ விட்டுவிடுங்கள். இந்த நான்காவது அட்டைதான் பேரிட்டி. முதல் மூன்றில் ஒன்றை எலி கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீதி இரண்டையும் பேரிட்டி அட்டையையும் அடுக்கி எண்ணினால், எங்கெல்லாம் ஒற்றைப்படை வருகிறதோ அங்கெல்லாம் தொலைந்த அட்டையில் ஓட்டை இருந்திருக்கிறது. முழு அட்டையையும் திரும்ப அடித்துவிடலாம். முடங்கிய டிஸ்க்கின் ஃபைலை நீங்கள் திறக்கும்போது சர்வர் செய்வது இந்தக் கூட்டல்தான். அந்த டிஸ்க்கை அது தொடுவதே இல்லை. மற்ற டிஸ்க்குகளை வைத்து அது இருப்பதுபோல் நடிக்கிறது.

1988-ல் பெர்க்லியைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரைதான் இந்த உத்திகளை ரெய்ட் என்ற பெயரில் உலகத்துக்குப் பழக்கியது. மலிவான டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டி விலையுயர்ந்த ஒற்றை டிஸ்க்கின் வேலையை வாங்குவது எப்படி என்பதுதான் அவர்களுடைய பிரச்சினை. ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிற்கக்கூடாது, எனவே பேரிட்டி. கவனியுங்கள், வேலை நிற்கக்கூடாது. உங்கள் தாத்தாவின் குரல் ஐம்பது வருடம் கழித்தும் இருக்க வேண்டும் என்பதற்காக இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

*

பிள்ளையார்பாளையத்தில் என் நண்பனின் வீடு. மூன்று தலைமுறைப் பட்டுத் தறி. அப்பாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. நண்பன் பெங்களூரில் வேலை. அவன்தான் வீட்டுக்கு ஒரு சர்வர் வாங்கி வைத்தான். எட்டு டெராபைட் டிஸ்க்குகள் நான்கு. மூன்றில் தரவு, ஒன்று பேரிட்டி. கரை, முந்தானை, புட்டா என்று பிரித்து அடுக்கிய டிசைன் ஃபைல்கள். அதோடு அவனுடைய தாத்தா கிராப் பேப்பரில் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டிய பழைய டிசைன்களின் ஸ்கேன். ஸ்கேன் எடுத்து முடித்ததும் கரையான் அரித்த காகிதங்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள். "இனிமே எதுக்கு, அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே" என்று எல்லார் வீட்டிலும் சொல்வதுதான்.

ஆயுத பூஜை முடிந்த இரண்டாம் நாள் சிவப்புப் பெருக்கல் குறி. தறிக்குப் பொட்டு வைத்த வீட்டில் சர்வருக்கும் வைத்திருக்கிறார்கள். மாடிப்படிக்குக் கீழே இருந்த பெட்டியை வெளியே இழுத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூ சாத்தி, திரும்ப உள்ளே தள்ளியிருக்கிறார்கள். நான் போனபோது பூ காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. நண்பன் போனில், "மச்சி, அந்த டிஸ்க்க ஃபார்மேட் பண்ணிட்டுத் திரும்பச் சேர்த்துடு. தானா ரீபில்ட் ஆயிடும்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே தனிக் கட்டுரை எழுதலாம். சர்வர் ஒரு டிஸ்க்கை நடித்துக்காட்டிக்கொண்டிருக்கும்போது ஃபார்மேட் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? அந்த நடிப்பு டிஸ்க் காலியாகும். பேரிட்டி உடனே தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். அதற்குப் பிறகு ரீபில்ட் செய்தால் காலி டிஸ்க் மிகத் துல்லியமாக, ஒரு பிட் பிசகாமல், காலியாகவே மீண்டுவரும். தறியில் இழை அறுந்தால் நெசவாளர் முதலில் தறியை நிறுத்துவார், அறுந்த முனையைத் தேடுவார். பாவையே வெட்டி எறிய மாட்டார். நாம் பொறியியல் படித்தவர்கள், வெட்டத்தான் போவோம்.

கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் இருந்த பழைய ஏடுகளை, ஆகமம் அப்படித்தான் சொல்கிறது என்று நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டார்கள் என்று உ.வே.சா. தன் வரலாற்றில் பதிவுசெய்திருக்கிறார். படிக்கிறபோது நமக்கு வயிறு எரியும். "ஃபார்மேட் பண்ணிட்டுச் சேர்த்துடு" என்பது அதே ஹோமத்தின் இன்றைய மந்திரம். இரண்டிலும் கெட்ட எண்ணம் கிடையாது. இரண்டிலும் ஒரு ஒழுங்கு, ஒரு சடங்கு, விஷயம் தெரிந்தவர் என்று நம்பப்படுகிற ஒருவரின் வார்த்தை. அதனால்தான் ஆபத்து.

செய்ய வேண்டியது எளிது. முதலில் எதையும் எழுதாதே. மென்பொருளின் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொள். பெட்டியை அணைத்துப் போட்டால் பல சர்வர்களில் அது அழிந்துவிடும். பிறகு டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையைப் பார். அது டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதும் மருத்துவக் குறிப்பு. 5-ம் எண் வரிசை, மாற்றியமைத்த செக்டர்கள். 197, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். இவை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்குக்கு நோய். 199 மட்டும் ஏறியிருந்தால் நோய் பெரும்பாலும் கேபிளுக்கு. நண்பன் வீட்டில் 5-ம் 197-ம் பூஜ்யம், 199 தாறுமாறாக ஏறியிருந்தது. பெட்டியைத் திறந்தால் சாட்டா கேபிள் பாதி வெளியே வந்து நிற்கிறது. பூஜை இழுப்பில் கழன்றிருக்கிறது.

கேபிளைச் சரிசெய்தாலும் சர்வர் அந்த டிஸ்க்கைத் தானாகச் சேர்த்துக்கொள்ளாது. அதுவும் சரிதான். முடங்கிய நொடியிலிருந்து புதிதாக எழுதியதெல்லாம் பேரிட்டியில்தான் இருக்கிறது. பழைய டிஸ்க் அந்த நொடியிலேயே காலாவதி. ஆகவே நடிப்பு டிஸ்க்கில் ஃபைல்கள் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, புது டிஸ்க் ஒன்றில் ரீபில்ட் செய்ய வேண்டும். திறக்கவில்லை என்றால் ஃபைல் சிஸ்டத்தைப் பழுதுபார்க்க வேண்டும். அப்போதும் ஃபார்மேட் கிடையாது. பழைய டிஸ்க்கிலேயே ரீபில்ட் செய்யலாமா என்றால் செய்யலாம். ஆனால் வழியில் வேறொரு டிஸ்க் மக்கர் செய்தால் பழையது கையில் இருப்பது நல்லது. ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய்வருவதில் ஒன்றும் குறைந்துவிடாது.

எட்டு டெராபைட். நொடிக்கு 150 மெகாபைட் வேகம் என்றாலும் கிட்டத்தட்ட 15 மணி நேரம். காஞ்சிபுரத்தில் கரண்ட் போகாமல் 15 மணி நேரம் என்பது பிரார்த்தனைக்குரிய விஷயம், யுபிஎஸ் இல்லாமல் தொடங்கவே கூடாது. அந்த நேரம் முழுக்க மீதி மூன்று டிஸ்க்குகளும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்கப்படும். 24 டெராபைட். வீட்டு டிஸ்க்குகள் பலவற்றின் விவரத்தாளில் 12.5 டெராபைட் படித்தால் ஒரு முறை படிக்க முடியாமல் போகலாம் என்ற கணக்குதான் இருக்கும். நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனாலும் ஒரே நாளில் வாங்கிய, ஒரே வயதுள்ள, ஒரே சூட்டில் வெந்த நான்கு டிஸ்க்குகளில் ஒன்று போன நாளில்தான் மற்ற மூன்றையும் நாம் ஓட ஓட விரட்டுகிறோம்.

அன்றைக்கு விரட்டல் நல்லபடியாக முடிந்தது. நான்கும் பச்சை. நண்பனின் அம்மா காபி கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் அப்பா கேட்டார், "தம்பி, அப்பாரு போட்ட அந்தப் பழைய கரை டிசைன் எல்லாம் இருக்கான்னு பாரு." தேடினேன். அந்த ஃபோல்டர் இல்லை. டிஸ்க் முடங்கியதால் இல்லாமல் போகவில்லை. ஐந்தாறு மாதங்களுக்கு முன்பே இடம் போதவில்லை என்று யாரோ 'டபுள் காப்பி' என நினைத்து அழித்திருக்கிறார்கள். பெட்டி எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தது. அழி என்றார்கள், அழித்தது. அழித்ததைப் பேரிட்டியிலும் குறித்துக்கொண்டது. அந்த இடத்தில் அதற்குப் பிறகு வேறு ஃபைல்களும் எழுதியாயிற்று. பதினைந்து மணி நேரம் நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மீட்டது, அந்த இல்லாமையையும் சேர்த்துத்தான்.

அந்த டிசைன்களில் பாதிக்கு மேல் பிறகு கிடைத்தன. எங்கிருந்து? அட்டை அடித்துக்கொடுப்பவரிடமிருந்து. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். எப்போதோ அட்டை அடிப்பதற்காகக் கொடுத்த பென் டிரைவை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. அதிலிருந்ததைத் தன் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். இத்தனை வருடமாக "பென் டிரைவைக் கொடுக்கவே இல்ல பாரு" என்று அந்த வீட்டில் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவரிடம் இல்லாத டிசைன்கள் எங்கேயும் இல்லை. கட்டிய புடவைகளில் எங்காவது, யாருடைய பீரோவிலாவது இருக்கலாம்.

நான்கு டிஸ்க், பேரிட்டி, யுபிஎஸ், ஒரு பொறியாளன். இவ்வளவும் சேர்ந்து காப்பாற்றாததை ஒரு வாங்கிய பென் டிரைவ் காப்பாற்றியது. என் வாதம் முழுக்க இதற்குள் இருக்கிறது.

*

இந்த ஊரில் இதைப் புரியவைக்கக் கணினியே தேவையில்லை. கைலாசநாதர் கோயிலுக்கு வாருங்கள். சுற்றுமதிலை ஒட்டிய சின்னச் சின்னச் சன்னதிகளில் ராஜசிம்மப் பல்லவனின் பட்டப்பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதே பெயர்கள் கீழும் மேலுமாக, வேறு வேறு எழுத்துமுறைகளில், திரும்பவும். ஒன்று தேய்ந்தால் இன்னொன்றை வைத்துப் படிக்கலாம். எட்டாம் நூற்றாண்டுப் பேரிட்டி என்று எனக்குத் தோன்றும். ஆனால் எல்லாமே ஒரே மணற்கல், ஒரே மதில். மணற்கல் பொரிந்தால் எல்லா வரிசையும் சேர்ந்துதான் பொரியும்.

அங்கிருந்து வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போங்கள். இரண்டாம் நந்திவர்மன் எப்படி அரசனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டான் என்பதைத் திருச்சுற்றுச் சுவரில் சிற்பத் தொடராகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதுவும் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் அவனை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்ற அதே செய்தி காசாக்குடிச் செப்பேட்டிலும் உண்டு. காசாக்குடி இருப்பது காரைக்கால் பக்கத்தில். வேறு பொருள், வேறு ஊர், வேறு கை. சிற்பத்தில் மங்கியதைச் செப்பேடு சொல்கிறது. செப்பேட்டில் இல்லாத காட்சியைச் சிற்பம் காட்டுகிறது. பேக்கப் என்றால் இதுதான்.

திருவல்லத்தில் இன்னொரு விஷயம். மண்டபத்தை இடித்துக் கட்டியபோது பழைய மண்டபத்தில் இருந்த பல்லவர் காலக் கல்வெட்டைப் படியெடுத்து, 'இது முன்பிருந்த கல்வெட்டின் படி' என்று சொல்லியே புதிதாக வெட்டியிருக்கிறார்கள். தரவை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியதோடு, மாற்றினோம் என்ற குறிப்பையும் சேர்த்தே வைத்துவிட்டார்கள். நம்முடைய ஃபோல்டர்களில் 'நியூ', 'நியூ 2', 'ஃபைனல்', 'ஃபைனல் ஒரிஜினல்' என்றுதான் இருக்கிறது.

ஏட்டுச்சுவடிகளுக்கு வருவோம். 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1894-ல் புறநானூற்றையும் உ.வே.சா. பதிப்பித்தபோது அவர் நம்பியது எந்த ஒரு சுவடியையும் அல்ல. பல ஊர்களிலிருந்து, பல வீடுகளிலிருந்து வந்த சுவடிகளை. ஒரு ஏட்டில் பூச்சி அரித்த இடம் இன்னொன்றில் முழுசாக இருந்தது. ஒருவர் தப்பாக எழுதிய சொல்லை இன்னொருவர் சரியாக எழுதியிருந்தார். பாட பேதம் என்பது, வேறு வேறு கைகளில் இருந்த பிரதிகள் ஒன்றையொன்று திருத்திக்கொண்டதன் தடம். பிரதி கிடைக்காத இடத்தில் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுகள் இன்றுவரை இல்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. அந்தப் பாட்டுகளின் கடைசி ஏடு யாருடைய வீட்டிலோ இருந்திருக்கும். அந்த வீட்டுக்காரரும் "பத்திரமா இருக்கு" என்றுதான் சொல்லியிருப்பார்.

பிரதி ஒரே கட்டடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணம் இருக்கிறது. 1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. எரித்தவர்களின் குற்றம் எரித்தவர்களுடையது. அதில் பாதியைக்கூட வேறு யார்மேலும் போட முடியாது. ஆனால் அந்தச் சாம்பலிலிருந்து ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது. 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து எழுத்துகளை மின்பிரதியாக்கி யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று வைத்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் அப்படியே. தலைப்புப் பக்கத்தை மாற்றாமல் யார் வேண்டுமானாலும் பரப்பலாம் என்பதுதான் அதன் விதி. இன்றைக்கு மதுரைத் திட்டத்தின் சர்வர் எரிந்தாலும் அதிலுள்ள நூல்கள் அழியாது. எங்கெங்கோ யார் யாருடைய லேப்டாப்பிலோ இருக்கின்றன. எந்தப் பேரிட்டியாலும் தரமுடியாத பாதுகாப்பு இது. ஸ்டான்ஃபோர்டு நூலகத்தார் 1999-ல் இந்தக் கொள்கைக்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால், 'நிறையப் பிரதி இருந்தால் சரக்கு பத்திரம்'.

*

எதிர்ப்புகள் வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"இதெல்லாம் எதுக்கு ப்ரோ, கிளவுட்ல போட்டா முடிஞ்சது." ராயர் காபி கிளப், மரத்தடி, அகத்தியர் என்ற பெயர்கள் உங்களுக்குத் தெரியுமா? இருபது வருடத்துக்கு முன்பு தமிழ் இணைய இலக்கியச் சண்டைகள் நடந்த யாஹூ குழுமங்கள். இன்று பெரிய பெயராக இருக்கும் சிலர் அங்கேதான் அடித்துக்கொண்டு எழுதப் பழகினார்கள். 2019-ல் யாஹூ குழுமங்களின் பழைய பதிவுகளை அழிக்கப்போவதாக அறிவித்தது, 2020 டிசம்பரில் கடையையே மூடியது. யாரோ சிலர் எடுத்து வைத்ததுதான் மிச்சம். கிளவுட் என்பது இன்னொருத்தர் வீட்டுப் பெட்டி. அதை ஒரு பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள், தாராளமாக. ஒரே பிரதியாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

"டிசைனை வெளியில கொடுத்தா ஒரே வாரத்துல விசைத்தறியில அடிச்சு இறக்கிடுவான்." இது நியாயமான பயம். இதை நான் அலட்சியமாகத் தாண்டிப் போகமாட்டேன். கைத்தறிக்காரர் ஆறு மாதம் யோசித்துப் போட்ட கரையை மலிவு நூலில் நகலெடுத்து விற்பது எங்கள் ஊரில் தினசரி நடக்கிறது. ஆனால் பிரதி எடுத்துவைப்பதும் பிரசுரிப்பதும் ஒன்றல்ல. பூட்டிய, கடவுச்சொல் போட்ட ஒரு டிஸ்க்கைச் செய்யாறில் இருக்கும் அத்தை வீட்டுப் பீரோவில் வைப்பதால் எந்த விசைத்தறிக்காரனுக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அத்தைக்கே தெரியாது. தொழில் ரகசியத்தைக் காப்பாற்றுவதற்கு ஒற்றைப் பிரதிதான் வழி என்றால், ரகசியம் ரகசியமாகவே செத்துப்போவதற்கும் அதுதான் வழி.

மூன்றாவது எதிர்ப்பு யாரும் வெளியே சொல்லாதது. அதனால் நானே சொல்கிறேன். "நான் பத்து வருஷம் அலைஞ்சு சேர்த்தது. அதை ஏன் சும்மா கொடுக்கணும்?" பழைய சிற்றிதழ்களின் முழுத் தொகுப்பை ஸ்கேன் செய்து வைத்திருப்பவர்கள் நம்மிடையே உண்டு. முகநூலில் அட்டைப் படம் மட்டும் போடுவார்கள். நூறு பேர் "சார், பிடிஎஃப் கிடைக்குமா?" என்று கேட்பார்கள். ஒரு புன்னகைக் குறி பதிலாக வரும். உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் புன்னகைக்குப் பின்னால் இருப்பது உழைப்பின் கர்வமா, உடைமையின் சுகமா? கோட்டையூர் ரோஜா முத்தையாவும் தன் வீட்டில், தன் காசில், வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவர்தான். தேடி வந்த ஆய்வாளர்களுக்கு அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது, 1994-ல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாக ஆனது. அதனால் அது இருக்கிறது. உங்கள் பெட்டியை வாங்க யாரும் வரமாட்டார்கள். நீங்கள் போன மறுமாதம் உங்கள் பையன் கடவுச்சொல் தெரியாமல் ரிச்சி தெருவில் எடைக்குப் போடுவான். வாங்கியவன் முதலில் செய்யப்போவதும் ஃபார்மேட்தான்.

நான்காவது, "அரசாங்கம் பார்த்துக்கணும்". பார்த்துக்கொள்ளட்டும். மைசூரில் கிடந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி 2021-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. நல்ல உத்தரவு, நானும் கைதட்டினேன். ஆனால் அந்த நாட்களில் நாம் போட்ட பதிவுகளை எடுத்துப் பாருங்கள். பெட்டி எந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். எத்தனை பிரதி இருக்க வேண்டும், எத்தனை பேர் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டவர்கள் சிலர்தான். சர்வரை ஹாலிலிருந்து படுக்கையறைக்கு மாற்றிவிட்டு நிம்மதியாவதுபோல.

*

கடைசியாக என் சொந்த ஜாதிக்கு, அதாவது மென்பொருள்காரர்களுக்கு.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு, தெரிந்த எழுத்தாளருக்கு, கோயில் படம் எடுக்கும் நண்பருக்கு நாம்தான் இந்தப் பெட்டிகளை வாங்கி வைக்கிறோம். வாங்கும்போது எத்தனை கோர், எவ்வளவு ரேம், எந்த ஃபைல் சிஸ்டம் என்று மூன்று வாரம் யூடியூப் பார்க்கிறோம். வைத்துவிட்டு பெங்களூருக்கோ டாலஸுக்கோ போய்விடுகிறோம். எந்தத் துளையில் எந்த டிஸ்க் என்று ஒரு சீட்டு ஒட்டுவதில்லை. எச்சரிக்கை வந்தால் யாருக்குப் போகும் என்று பார்ப்பதில்லை. வீட்டில் இருப்பவருக்குத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைப்பதில்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் அவர்கள் நமக்குப் போன் செய்வார்கள், நாம் மீட்டிங்கில் இருந்துகொண்டே "ஃபார்மேட் பண்ணிடுங்க" என்போம். தொழில்நுட்பம் தெரிந்தவன் என்கிற அதிகாரத்தை எடுத்துக்கொள்கிறோம், அதன் வேலையை எடுத்துக்கொள்வதில்லை. பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழையதோடு உட்கார்ந்து பிணைப்பவர்களின் வீட்டில்தான் நாம் இந்த லட்சணத்தில் வேலை செய்துவிட்டு வருகிறோம்.

ஆகவே சில கோரிக்கைகள். பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் பரவலாக்கிய 3-2-1 கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். நான்கு டிஸ்க்கும் பேரிட்டியும் சேர்ந்து இந்தக் கணக்கில் ஒன்றே ஒன்றுதான். 2015 டிசம்பரில் தாம்பரம், முடிச்சூர் பக்கம் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது அது டிஸ்க் டிஸ்க்காகப் பிரித்துப் பார்த்து நனைக்கவில்லை. இரண்டாவது பிரதி, தானாக நொடிக்கு நொடி ஒத்திசையும் பிரதியாக இருக்க வேண்டாம். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். மாதம் ஒரு முறை எடுத்து, பிடுங்கி, பீரோவில் வைக்கும் சாதாரண யுஎஸ்பி டிஸ்க் போதும். மூன்றாவதை இன்னொருவரிடம் கொடுங்கள். ரகசியம் என்றால் பூட்டிக் கொடுங்கள். சிற்றிதழ், நாட்டார் பாட்டு, கல்வெட்டுப் படம் போன்ற பொதுச்சொத்து என்றால், உரிமைச் சிக்கல் இல்லாதவற்றைப் பூட்டாமல் கொடுங்கள். நூலகம் மாதிரி ஒரு அமைப்பிடம் கொடுங்கள். வாங்கினால் திருப்பித் தராத நண்பர் யாராவது இருந்தால் அவரிடமும் கொடுங்கள்.

அப்புறம் வருகிற ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் ஒதுக்கி, உங்கள் வீட்டு சர்வரை முழுசாக அணைத்துவிடுங்கள். கழற்றக்கூட வேண்டாம், அணைத்தால் போதும். இப்போது உங்களுக்கு மிக வேண்டிய ஒரே ஒரு ஃபைலை, அப்பாவின் குரலோ, தாத்தாவின் கரை டிசைனோ, வேறு எங்கிருந்தாவது திறந்து பாருங்கள். திறந்தால் சந்தோஷம், மறுபடி ஆன் செய்யுங்கள். திறக்கவில்லை என்றால், திரும்ப ஆன் செய்ததும் முதல் வேலையாக அந்த ஃபைலை யாருக்காவது அனுப்புங்கள்.